பெனரின் ஒரு முனை

எட்டடி நீளமான ஒரு பெனர் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே சுருட்டியபடி கிடக்கிறது. வெள்ளவத்தை மாடி வீடுகளில் இடத்துக்கு எவ்வளவு நெருக்கடி என்பது அங்கு குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பழைய பத்திரிகைகள், உடைந்த குடைகள், பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியேற்றியாயிற்று. இதை மட்டும் எறிய மனம் வரவில்லை. விரித்துப் பார்க்கவும் மனம் வருவதில்லை. நீலப் பின்னணி, நடுவில் பாடசாலையின் பெயர், அதன் கீழே இன்டரெக்ட் கழகம், அதற்கும் கீழே வெள்ள நிவாரணப் பணி 2016. ஒரு முனையில் மட்டும் சேற்றுக் கை பட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பித்தவள். பாடசாலையின் பெயர் வேண்டாம். நான் சொல்ல வருகின்ற பிழை என்னுடையது. அதை ஏன் அந்தக் கட்டிடத்தின் தலையில் கட்டவேண்டும்?

இன்டரெக்ட் என்பது ரோட்டரிக்காரர்களின் மாணவர் கழகம். 1962இல் அமெரிக்காவின் புளோரிடாவில் மெல்பேர்ன் என்ற ஊரின் உயர்நிலைப் பாடசாலையில் இருபத்துமூன்று பிள்ளைகளோடு ஆரம்பித்தது. இப்போது 12 முதல் 18 வயது வரையான பிள்ளைகள் சேரலாம். வருடத்துக்கு இரண்டு வேலைத்திட்டங்களாவது செய்யவேண்டும். ஒன்று தமது பாடசாலைக்கோ ஊருக்கோ பயன்படவேண்டும், மற்றது உலக நாடுகளிடையே புரிந்துணர்வை வளர்க்கவேண்டும் என்பது விதி. இரண்டாவதை எப்படிச் செய்வதென்று எங்களுக்கு ஒருநாளும் சரியாக விளங்கியதில்லை. வேறு நாட்டுக் கழகம் ஒன்றுக்கு ஒரு வாழ்த்துமடல் அனுப்பி, அதையும் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

ஜூலை மாதத்தில் புதிய நிர்வாகக் குழு பதவியேற்கும். கொழும்பில் இந்தப் பதவியேற்பு வைபவம் ஒரு சின்னக் கலியாணம் மாதிரி. கோட் போட்ட பையன்கள், கழுத்தில் பதக்கச் சங்கிலி, அழைப்பிதழ், சிற்றுண்டிப் பெட்டி. தலைவர், செயலாளர், பொருளாளர், பத்திராதிபர் என்று எல்லாருக்கும் ஒரு பட்டம். உயர்தரம் முடித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு இந்தச் சான்றிதழ்கள் உதவும் என்பதால் பெற்றோருக்கும் சந்தோஷம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்தக் கோப்புக்காகச் சேர்ந்த பிள்ளைகளில் சிலர்தான் பிறகு உண்மையாகவே வேலை செய்தார்கள். நிய்யத்து பிழையாக ஆரம்பித்துச் சரியாக முடிவதுமுண்டு. எனக்கு நடந்தது அதன் மறுபக்கம்.

என்னுடைய முதல் சேவைக் கழகம் எங்கள் உம்மாதான். எழுபதுகளின் கடைசி, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். நோன்பு மாதத்தில் மஃரிபுக்குச் சற்று முன்னர் உம்மா ஒரு கோப்பையை மூடி என் கையில் தருவார். சில நாள் கடதாசியில் சுற்றிய காசும் இருக்கும். ஒழுங்கைக் கோடியில் ஒரு வீடு. "கதவத் தட்டிக் குடுத்திட்டு நிக்காம வா மகள். மொகத்தப் பாக்காத" என்பார். ஏன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் கேட்டதுண்டு. "ஒனக்கு ஒராள் தந்தா நீ எங்க பாப்ப?" என்று மட்டும் கேட்டார்.

1983 ஜூலையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் இரண்டு இரவுகள் எங்கள் உள்ளறையில் இருந்தது. மூன்றாம் நாள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமுக்குப் போனார்கள். அதைப்பற்றி உம்மா பிறகு ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது பேச்செடுத்தால் அடுப்படிக்குப் போய்விடுவார். இப்போது இதை நான் எழுதுவது தெரிந்தால் கபுறுக்குள்ளிருந்தும் கோபிப்பார்.

இப்படிப்பட்டவரின் மகள்தான் அந்தப் பெனரை அடிக்கக் கொடுத்தவள்.

2016 மே நடுப்பகுதியில் நாட்கணக்கில் மழை. 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்தது. களனி கங்கை கரைமீறி கொலன்னாவை, வெல்லம்பிட்டி, சேதவத்தைப் பக்கமெல்லாம் வீடுகளின் கூரை மட்டும் தெரிந்தது. வெசாக்குக்குச் சில நாட்களே இருந்தன. கூடு கட்டவும் தன்சல் கொடுக்கவும் சேர்த்த காசையெல்லாம் சனங்கள் வெள்ளத்துக்குக் கொடுத்தார்கள். பள்ளிவாசல்களில் சமைத்த சோற்றுப் பார்சல்கள் வள்ளத்தில் போயின. நாங்களும் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சேர்த்தோம். அரிசி, பருப்பு, சீனி, பால்மா, டின் மீன், சவர்க்காரம், கொப்பி. பாடசாலை மண்டபத்தில் பிள்ளைகள் இரவு எட்டு மணிவரை இருந்து பொதி கட்டினார்கள். அந்த மூன்று நாட்களும் அவர்கள் செய்த வேலையை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. சின்ன வகுப்புப் பையன் ஒருவன் உண்டியலை உடைத்து, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் குற்றிகளாகத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு வந்தான்.

எங்கள் பொருளாளர் பன்னிரண்டாம் வகுப்பு. என் வகுப்புப் பையன்தான். அதிகம் கதைக்கமாட்டான். கணக்கில் ஐந்து சதம் பிசகாது. அந்தக் கிழமை இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் பாட்டா செருப்போடு வந்து நின்றான். பாடசாலைக்குச் செருப்போடு வரக்கூடாது என்று எல்லார் முன்னிலையிலும் ஏசினேன்.

"சப்பாத்து நனைஞ்சிட்டு டீச்சர்."

"மழைக்கு எல்லாருக்கும்தான் நனையும்" என்றேன்.

வகுப்பு இடாப்பில் அவனுடைய முகவரி என் கையெழுத்திலேயே இருந்தது. சேதவத்தை. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. நிவாரணம் கொடுப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்தேன்.

வெசாக் கழிந்த பின் லொறியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். கிராம உத்தியோகத்தர் சொன்ன இடம், ஒரு விகாரையின் அறநெறி மண்டபம். சேறு முழங்கால்வரை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தலைக்கு மேலே இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் நீல ரீ சேர்ட். பெனரின் ஒரு முனையைத் தலைவர் பிடித்தான். மறுமுனைக்கு ஆள் தேடினேன். பொருளாளர் லொறிக்குப் பின்னால் நின்று எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

"என்ன மறைஞ்சு நிக்கிற? வா, வந்து பிடி" என்று கையைப் பிடித்து இழுத்துவந்தேன். கை சேறாக இருந்தது. "வேணாம் டீச்சர், நான் எண்ணுறன்" என்றான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

வரிசையில் ஆட்கள் துண்டைக் காட்டி ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒரு பெண் மட்டும் தன் முறை வரும்போது பின்னால் நின்றவரை முன்னுக்கு விட்டார். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தார். கடைசியில் வரவேண்டியதாயிற்று. சேலைத் தலைப்பு வாய்வரை இருந்தது. கமரா வைத்திருந்த பையன், "அன்ரி, கொஞ்சம் இஞ்ச பாருங்க" என்றான். அவர் பார்த்தார். நான் பொதியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெனரின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்ல படம். வெளிச்சம், சேறு, நீலச் சேர்ட், நன்றி ததும்பும் ஒரு முகம். அதை நன்றி என்றுதான் நான் வாசித்தேன். கழகத்தின் முகநூல் பக்கத்தில் போட்டோம். ஆண்டறிக்கையின் அட்டைக்கும் அதையே தெரிவு செய்தேன். வருட இறுதியில் அந்த வேலைத்திட்டத்துக்கு ஒரு விருதும் கிடைத்தது.

ஜூன் முதல் கிழமையில் பொருளாளர் ஒரு கடிதம் தந்தான். சொந்தக் காரணங்களுக்காகக் கழகத்திலிருந்து விலகுகிறேன் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. கணக்குப் புத்தகத்தையும் கையிருப்புக் காசையும் மேசையில் வைத்தான். உயர்தரத்துக்குப் படிக்கப்போகிறான் என்று எண்ணிக்கொண்டேன்.

பெற்றோர் கூட்டங்களுக்கு அவனுடைய தகப்பன்தான் எப்போதும் வருவார். அந்த ஜூலையில் தாய் வந்தார். வகுப்பறை வாசலில் அவரைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் எத்தனை தடவை கணினியில் பெரிதாக்கிப் பார்த்திருப்பேன், அட்டைக்குப் பொருத்தமாக வெட்டுவதற்காக! எழுந்து நிற்கக்கூட எனக்கு வரவில்லை. அவர் அறிக்கையில் கையெழுத்து வைத்தார். மகனின் வரலாற்றுப் புள்ளிகளைப் பற்றி விசாரித்தார். போகும்போது, நான் எதையோ கேட்டுவிடக்கூடாது என்பது போல அவரே சொன்னார்.

"அண்டைக்குத் தந்த சாமான் எல்லாம் நல்ல சாமான் டீச்சர். அரிசியும் நல்ல அரிசி."

படத்தை முகநூலிலிருந்து நீக்கச் செய்தேன். ஆண்டறிக்கை ஏற்கனவே அச்சாகியிருந்தது. விருதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒருநாள் இரவு முழுவதும் யோசித்தேன். திருப்பிக் கொடுத்தால் காரணம் சொல்லவேண்டும், காரணம் சொன்னால் அவர்கள் பெயர் வரும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கு அந்த விருது பிடித்திருந்தது என்பதுதான்.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். படிக்கட்டில் வைத்து. "அது பரவாயில்ல டீச்சர்" என்றான், பிந்தி வந்த பிள்ளையை மன்னிக்கிற ஆசிரியர் மாதிரி. கழகத்துக்குத் திரும்பி வரவில்லை.

சர்வோதயத்தை ஆரம்பித்த ஏ. ரி. ஆரியரத்னவைப் பற்றி நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். அவரும் கொழும்பில் ஓர் ஆசிரியர்தான். 1958இல் நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியால் ஒதுக்கப்பட்டவர்களின் கிராமம் அது. சிரமதானம் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிற சொல் அந்த முகாமிலிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. பிள்ளைகள் அங்கேயே தங்கி, அந்த மக்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள். யார் கொடுத்தவர், யார் வாங்கியவர் என்று அங்கே படம் பிடித்துக் காட்ட முடியாது. பத்து வருடமாக இதைப் படிப்பித்தவள், லொறியில் போய் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்தேன்.

அடுத்த வருடம் கழகக் கூட்டத்தில் ஒரு முடிவைச் சொன்னேன். வாங்குகிறவர்களின் முகத்தைப் படம் எடுப்பதில்லை. பெனர் பாடசாலை வாசலைத் தாண்டுவதில்லை. பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். "போட்டோ இல்லாட்டி ரிப்போர்ட்டுக்கு என்ன டீச்சர் போடுறது?" என்று செயலாளர் கேட்டாள். அது நியாயமான கேள்விதான். காசு கொடுத்த ஒருவர் தொலைபேசியில் வந்து, "டீச்சர், நாங்க கேக்கிறது போட்டோ இல்ல, கணக்கு. ஆனா கணக்குக்கு சாட்சி போட்டோதானே" என்றார். அவர் நல்ல மனிதர். பொய்க் கணக்குகளால் ஏமாந்தவர். வெளிப்படையாகக் கொடுப்பதற்கும் மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று அவர் எனக்கு ஞாபகப்படுத்தினார். இருக்கிறதுதான். ஆனால் அந்த அனுமதி கொடுப்பவரின் முகத்தைக் காட்டுவதற்கு; வாங்குபவரின் முகத்தைக் காட்டுவதற்கு அல்ல என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சரி, பில்லை அனுப்புங்க" என்றார்.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு பலசரக்குக் கடைக்காரரோடு பேசினோம். குடும்பங்களுக்கு ஒரு துண்டு கொடுப்போம். அவர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் போய், எல்லா வாடிக்கையாளரையும் போலத் தமக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள். மாதக் கடைசியில் கடைக்காரர் பில் தருவார். அவர் இலாபத்தில் கொஞ்சம் விட்டும் கொடுத்தார். ஒருவர் தன் துண்டைப் பாதி விலைக்கு விற்றுக் குடித்தார் என்று செய்தி வந்தபோது, "பாத்தீங்களா டீச்சர்" என்று பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பார்த்தேன். நாங்கள் பொதியாகக் கொடுத்திருந்தாலும் அவர் விற்றிருப்பார். நாங்கள் அதைப் பார்த்திருக்கமாட்டோம், அவ்வளவுதான். கழகத்தில் அறுபதுக்கு மேல் இருந்த அங்கத்தவர்கள் முப்பதுக்குள் வந்தார்கள். விருது பிறகு கிடைக்கவில்லை.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. காலையில் முதலில் கேட்ட பெயரே கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம். எங்கள் பிள்ளைகளின் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் போகிற இடம். எங்கள் பெண்களும் போய் மெழுகுதிரி கொளுத்துவது இரகசியமில்லை. ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துப் பார்த்தேன். பிற்பகலில் தெஹிவளையிலும் வெடித்தது; எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. பிறகு ஊரடங்கு. செய்தவர்களின் பெயர்கள் வெளிவந்தபோது எங்கள் வீட்டில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

கொட்டாஞ்சேனை வரலாற்றில் இன்னொரு உயிர்த்த ஞாயிறு உண்டு. 1883 மார்ச் 25. பௌத்த ஊர்வலம் ஒன்றுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையில் மூண்ட கலவரம். கரும்பலகையில் எத்தனையோ தடவை அந்தத் திகதியை எழுதியிருக்கிறேன். அதன் பிறகு அதை எழுதக் கை வரவில்லை.

மே 6ஆம் திகதி மேல் வகுப்புகளுக்குப் பாடசாலை திறப்பதாக அறிவித்தார்கள். மறுநாள் நோன்பு முதல் நாள். தலையில் முக்காடு போட்ட நான், வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளி பஸ்ஸில் ஏறி, கொட்டாஞ்சேனையில் இறங்கி, பத்து நிமிடம் நடக்கவேண்டும். கணவர் இடமாற்றம் கேள் என்றார். மகள் முக்காட்டை எடுத்துவிட்டுப் போகச் சொன்னாள். ஞாயிறு இரவு தொலைபேசி அடித்தது. மூன்று வருடமாகக் கேட்காத குரல்.

"டீச்சர், நாளைக்கு எத்தின மணிக்கு பஸ்ஸால இறங்குவீங்க?"

வேண்டாம் மகன், நான் சமாளிப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாயிலிருந்து வந்தது, "ஏழு மணிக்கு" என்பதுதான்.

உயர்தரம் முடித்துப் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலையாக இருந்தான். குண்டு வெடித்த அன்று நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்குப் போய் வரிசையில் நின்றதாகச் சொன்னான். கழகத்தில் இருந்தபோது பதினெட்டு ஆகவில்லை என்று அவனை இரத்ததான முகாமில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. என் வலப் பக்கத்தில், தெருப் பக்கமாக நடந்தான். கடை வாசல்களில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். சிலருக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும். அவர்கள் பிள்ளைகளை நான் படிப்பித்திருக்கிறேன். எவரும் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் கண் நிலத்தை விட்டு எழும்பவில்லை. இருபது வயதுப் பையனின் துணையோடு, நான் படிப்பித்த பாடசாலைக்கு நான் நடக்கிறேன். நன்றியும் இருந்தது, அதை விடப் பெரிதாக ஒரு கூச்சமும் இருந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது.

நான்காவது நாளாக இருக்கவேண்டும். வாசலில் பைகளைச் சோதிக்கிற இடத்தில் நிற்கையில், சக ஆசிரியர் ஒருவர் கையடக்கத் தொலைபேசியை எடுத்தார். "ரெண்டு பேரும் அப்பிடியே நில்லுங்க. இந்த நேரத்தில இது எல்லாரும் பாக்கவேண்டிய காட்சி" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நாட்டில் அப்போது அப்படியான படங்களுக்குத் தேவையும் இருந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் சிரிக்க ஆயத்தமானேன். பையன் தனது கொப்பிப் பையைத் தூக்கி என் முகத்துக்கும் தொலைபேசிக்கும் நடுவில் பிடித்தான்.

"வேணாம் சேர். டீச்சர் நோன்பு, களைச்சுப்போய் வாறாங்க" என்றான்.

அந்த மாதம் முழுவதும் வந்தான். இடையில் மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் கடைகள் எரிந்த கிழமையில் பின்னேரமும் வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டான். புறக்கோட்டைக் கடையில் அதற்காகச் சம்பளம் வெட்டினார்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

ஜூன் 5 பெருநாள். மறுநாள் ஒரு சட்டி வட்டிலப்பம் கட்டி அவனிடம் கொடுத்தேன். முதலில் தயங்கினான். "அம்மாட்ட குடு. சட்டியத் திருப்பித் தரவேணும் எண்டில்ல" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை பஸ் தரிப்பிடத்தில் சட்டியோடு நின்றான். அதற்குள் நான்கு கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள், பழைய பத்திரிகையில் சுற்றி. வெறும் சட்டியைக் குடுக்கக்கூடாது எண்டு அம்மா சொன்னாங்க என்றான். சட்டியை என்னிடம் தந்துவிட்டு, நான் அதைத் திறந்து பார்ப்பதற்குள் கடைக்கு நேரமாகிவிட்டதென்று வீதியைக் கடந்து போய்விட்டான்.